கிரவலுக்குள்ள ஆக்காட்டி நாலு முட்டை போட்டிருக்கு, திங்கள் மேசன் வாறார், என்ன செய்யிறது?

வட்டக்கச்சி மருமகள்

வணக்கம், ஒரு விசயம் கேக்கோணும், பகிடி பண்ணாமல் சொல்லுங்கோ.

எங்கட வீடு கிளிநொச்சி வட்டக்கச்சியில, வாய்க்கால் கரைக் காணி. பின்பக்கமா ஒரு குசினி இறக்கிக் கட்டுவம் எண்டு சித்திரையில ரெண்டு டிப்பர் கிரவல் பறிச்சு முத்தத்தில பரவி விட்டனாங்கள். பிறகு காசு பத்தேல்லை, வேலை நிண்டு போச்சு. இப்ப ஆனி, சோளகம் எழும்பி கிரவல் எல்லாம் காய்ஞ்சு கல்லுக் கல்லா கிடக்கு. போன வெள்ளி கேற்றடிக்குப் போகேக்க ஒரு ஆக்காட்டிக் குருவி தலைக்கு மேலால கத்திக் கத்தி சுத்துது, நான் நினைச்சன் நாய்க்குத்தான் கத்துது எண்டு. மகன்தான் கண்டவன், "அம்மா கால் வைக்காதேங்கோ" எண்டு கத்தினான். குனிஞ்சு பாத்தா என்ட செருப்பில இருந்து ஒரு சாண் தள்ளி ரெண்டு முட்டை. கிரவல் நிறம், கறுப்புக் கறுப்பா திட்டு, கண்ணை எடுத்துட்டு திரும்பிப் பாத்தா எங்க எண்டு தெரியாது. கூடு எண்டு ஒண்டும் இல்லை, சின்னக் குழி, அதைச் சுத்தி பொறுக்கி வச்ச மாதிரி குறுணிக் கல்லும் ஆட்டுப்புழுக்கையும். செவ்வாய்க்கிழமை பாக்க நாலு முட்டை, நாலின்ட கூர்ப்பக்கமும் நடுவுக்குப் பாத்தபடி பூ மாதிரி அடுக்கிக் கிடக்கு.

இப்ப பிரச்சினை என்னெண்டா அது இருக்கிறது சரியா டிப்பர் பின்னுக்குப் போற சில்லுத் தடத்தில. திங்கள் மேசன் வாறன் எண்டவர், அதுக்கு முதல் ஒரு லோட் மணல் பறிக்கோணும். இவர் சொல்லுறார் மண்வெட்டியால கிரவலோட சேத்து அள்ளி வேலிக்கரையில வைப்பம், குருவி தேடி வந்து இருக்கும் எண்டு. மாமி சொல்லுறா மனுசர் கை பட்டா தாய் சேக்காது, பாவம் வரும், ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு. மகன் பள்ளிக்கூடம் போக கேற்றால போறேல்லை, கொத்த வருது எண்டு பக்கத்து வீட்டு வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து போறான்.

இன்னொண்டு, மத்தியான வெயிலுக்க அது வாய்க்காலுக்குப் போய் நெஞ்சு வயிறெல்லாம் நனைச்சுக்கொண்டு வந்து முட்டையில இருக்குது. என்ட கண்ணால கண்டனான், செட்டையில இருந்து தண்ணி சொட்டுது. முட்டை பழுதாப் போகாதோ?

கச்சான்காரன்

தங்கச்சி தள்ளி வச்சிட்டு வேலையைப் பாருங்கோ. இப்ப மேசன் பிடிக்கிறது மாப்பிள்ளை பிடிக்கிறதை விட கரைச்சல். ஒருக்கா விட்டா அந்தாள் அடுத்த காலபோகம், மாரி வெள்ளாமை, முடியத்தான் வருவார். குருவி வேற இடத்தில திரும்பப் போடும்.

மல்லாவி மாப்பிள்ளை

அக்கா தயவுசெய்து தூக்க வேணாம். நான் பிறந்தது மட்டக்களப்புப் பக்கம், நாங்க ஆக்காண்டி எண்டு சொல்லுவம், கலியாணம் முடிச்சு மல்லாவிக்கு வந்து ஏழு வருசம். நான் செஞ்ச பிழையை அப்பிடியே சொல்றன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கட வயல் அறுவடை முடிஞ்சு உழுந்து போட எண்டு உழவு மெசினைக் கூப்பிட்டிருந்தம். வரம்போட ஒட்டி இதே மாதிரி மூணு முட்டை. மெசின்காரர் அவசரப்படுறார், மணித்தியாலக் கணக்கில காசு. நான் பெரிய புண்ணியவான் மாதிரி ஒரு தாச்சியில மண்ணோட முட்டையை அள்ளி இருபது முப்பது அடி தள்ளி நிழலா ஒரு வேம்புக்குக் கீழ வச்சிட்டு வந்தன், நிழல் நல்லம்தானே எண்டு. உழுது முடிய ரெண்டு குருவியும் திரும்பி வந்திச்சு. வந்து முட்டை கிடந்த இடத்துக்குத்தான் போச்சு. உழுத மண் கட்டியா கிடக்கு, அதுக்கு மேல போய், வெறும் மண்ணில, முட்டை இருக்கிற மாதிரியே நெஞ்சை அசைச்சு அசைச்சுப் படுத்துது. எழும்பிப் பாக்கும், மறுகா படுக்கும். வேம்பைத் திரும்பியும் பாக்கேல்லை. பின்னேரம் மட்டும் நான் வரம்பில குந்திக்கொண்டு பாத்தன். அடுத்தநாள் காலம வேம்புக்குக் கீழ கோது கூட இல்லை, கீரியோ காகமோ ஏதோ முடிச்சிட்டுது.

அதுக்கு நிழல் பிடிக்காது எண்டது பிறகுதான் விளங்கினது. நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியோணும், அதாலதான் வெளியா முட்டை போடுறது. நாம மனுச யோசினையில நல்லது செய்யப் போறம்.

குளக்கட்டு

தங்கச்சி, மேல தம்பி சொன்னது சரி. நான் இரணைமடுப் பக்கம் கன வருசமா காலம நடக்கப் போய் போய் குருவி பாக்கிற விசர் பிடிச்ச ஆள், ரிட்டயர் ஆன வாத்தி, அதால கொஞ்சம் நீட்டாத்தான் சொல்லுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் உங்கட தண்ணிக் கேள்விக்கு வாறன். பழுதாகாது, பழுதாகாமல் இருக்கத்தான் அது அப்பிடிச் செய்யுது. இந்த வெயிலுக்க காய்ஞ்ச கிரவல்ல வெறுங்காலோட நிண்டு பாருங்கோ, தெரியும். மற்றக் குருவியள் முட்டையைச் சூடாக்க அடைகாக்கும், ஆக்காட்டிக்கு ஆனி ஆடி மத்தியானத்தில வேலை மறுவளம், முட்டை அவியாமல் பாக்கோணும். அதுக்குத்தான் வயித்து மயிரை நனைச்சுக்கொண்டு வந்து ஈரத்தோட இருக்கிறது, சில நேரம் இருக்காமல் நிண்டபடி நிழல் குடுக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இருக்கும். ஒண்டு வாய்க்காலுக்குப் போக மற்றது வந்து இருக்கும், வடிவாப் பாருங்கோ. ரெண்டையும் ஆளுக்கு ஆள் பிரிச்சுச் சொல்ல ஏலாது, ஒரே மாதிரித்தான், கறுப்புத் தலை, கண்ணுக்கு முன்னால சிவப்புத் தொங்கல், மஞ்சள் கால்.

அடுத்தது நாள் கணக்கு. கடைசி முட்டை வந்த பிறகுதான் ஒழுங்கா அடை கிடக்கும், அதால நாலும் கிட்டத்தட்ட ஒரே நேரம் பொரிக்கும். உங்கட நாலாவது முட்டை செவ்வாய் கண்டது எண்டா அதில இருந்து 28 தொடக்கம் 30 நாள் எண்ணுங்கோ. பொரிச்சா கூட்டில நிக்காது. கோழிக்குஞ்சு மாதிரி, ஈரம் காய்ஞ்ச உடனை எழும்பி நடக்கும், தாய் தேப்பன் தீத்துறதும் இல்லை, தானாப் பொறுக்கித் தின்னும். அதால உங்களுக்குத் தேவை மொத்தமா ஒரு மாசம். சிட்டுக்குருவி மாதிரி பொரிச்ச பிறகும் கூட்டுக்குள்ள வச்சுத் தீத்துற சாதி இல்லை.

மாமி சொன்ன கை விசயம், அதைப் பெரிசா எடுக்க வேண்டாம், மனுச மணம் பிடிச்சு முட்டையைக் கைவிடுற பழக்கம் குருவியளுக்கு இல்லை. ஆனா மாமி சொன்னபடியே தொடாமல் விடுங்கோ, காரணம் வேற. நீங்கள் கிட்டப் போற ஒவ்வொரு தரமும் அது எழும்பும், அது எழும்பினா முட்டை வெயில்ல கிடக்கும், காகம் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கும். போட்டோ எடுக்கப் போறதும் அப்பிடித்தான்.

கொடி, பொலித்தீன், சிவப்புத் துணி ஒண்டும் கட்டாதேங்கோ, அது காகத்துக்கு விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி. நாலு அரைக் கல்லை ஒரு பாகம் தள்ளித் தள்ளி நாலு மூலைக்கும் வையுங்கோ, உங்கட ஆக்களுக்கு விளங்கினாக் காணும். நாயைக் கட்டுங்கோ. மகனுக்கு ஒரு குடை குடுங்கோ, இல்லாட்டி ஒரு தடியைத் தலைக்கு மேல உயத்திப் பிடிக்கச் சொல்லுங்கோ, அது உசரமா இருக்கிறதைக் குறி வச்சுத்தான் பாயும், பாயிறதும் முக்கால்வாசி வெருட்டு.

கச்சான்காரன்

வாத்தி ஐயா, ஒரு மாசம் எண்டு சுகமாச் சொல்லிப் போட்டியள். மேசன், மணல், டிப்பர் எல்லாத்துக்கும் காசு குடுக்கிறது ஆர்? நான் குருவிக்கு எதிரி இல்லை. ஆனா எங்கட ஒட்டுசுட்டான் பக்கம் வந்து பாருங்கோ, மயில். விதைச்ச கச்சானைக் கிண்டித் தின்னும், நெல்லு பால் பிடிக்கேக்க வரும், கதிரை மிதிச்சு விழுத்தும். அடிக்கவும் ஏலாது, முருகன்ட வாகனம் எண்டு வீட்டில விடவும் மாட்டினம், சட்டமும் விடாது. என்ட அப்பா காலத்தில மயில் பாக்கக் காட்டுக்குள்ள போகோணும், இப்ப என்ட கிணத்துக்கட்டில நிக்குது. குருவி பாக்கிற ஆக்களுக்குப் பின்னேரம் வடிவா இருக்கும், விடிய எழும்பி வயலைப் பாக்கிறது நான்.

மற்றது சட்டம் எண்டு சொல்லுறது சரணாலயத்துக்குள்ளதானே? சுண்டிக்குளம், கொக்கிளாய் மாதிரி. வட்டக்கச்சி முத்தத்துக்கு என்ன சட்டம்?

குளக்கட்டு

கச்சான்காரன், உங்கட மயில் கவலை ஞாயம், அதில நான் வாதாட வரேல்லை. அது தனிய ஒரு திரி போட்டுக் கதைக்க வேண்டிய விசயம்.

ஆனா சட்டம் சரணாலயத்துக்கு மட்டும் இல்லை. சுண்டிக்குளத்தை 1938இல சரணாலயம் எண்டு அறிவிச்சவை, 2015இல தேசியப் பூங்காவா மாத்தினவை, அங்க காணிக்கும் கடற்கரைக்கும் வேற கட்டுப்பாடு. குருவிக்கான சட்டம் அதுக்கும் முதல், 1937இல வந்தது, திருத்தித் திருத்தி இண்டைக்கும் இருக்கு. உள்ளூர்க் குருவியைக் கொல்லுறது, முட்டை எடுக்கிறது, ஒரு சில சாதியைத் தவிர, நாடு முழுக்கக் குற்றம்தான், உங்கட சொந்த முத்தம் எண்டாலும். காயப்பட்ட குருவி, மிருகம் ஏதும் எண்டா வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர 1992 எண்ட இலக்கத்துக்கு அடிக்கலாம். இதுக்கு அடிக்கத் தேவையில்லை, ஒரு மாசம் டிப்பரை நிப்பாட்டினாப் போதும்.

சுண்டிக்குளம் எண்டோன ஞாபகம் வருது, அங்க பூநாரை பாக்க எண்டு கொழும்பில இருந்து வான் பிடிச்சு வருவினம், பெரிய கமராவோட. பூநாரை இங்க வந்து தின்னுறதோட சரி, கூடு கட்டுறேல்லை, அதின்ட பிள்ளைப்பேறு இந்தியாவில கட்ச் உப்புவெளி மாதிரி இடங்களிலதான். வீட்டு முத்தத்தில பிள்ளை பெற நிக்கிற ஆக்காட்டியை ஆரும் பாக்க வாறேல்லை.

புதுக்குடியிருப்பு அக்கா

நீங்கள் எல்லாம் முத்தத்துக் குருவி கதைக்கிறியள், எனக்கு வீட்டுக்குள்ள 😄

எங்கட ஹோல்ல லைற் போட வயர் இழுத்துவிட்டு ஹோல்டர் தொங்குது, அதுக்கு மேல கொண்டைக்குருவி கூடு. இது மூண்டாவது வருசம். முதல் வருசம் குப்பை எண்டு நானே ரெண்டு தரம் தட்டி விட்டனான், ரெண்டு தரமும் அடுத்தநாள் திரும்பத் தும்பு கொண்டந்து வச்சுது, மூண்டாந்தரம் எனக்கு வெக்கமாப் போச்சு. றோஸ் நிறத்தில சிவப்புப் புள்ளி போட்ட மூண்டு முட்டை. முட்டை பொரிக்க ரெண்டு கிழமை, பிறகு குஞ்சு பறக்க இன்னும் கிட்டத்தட்ட ரெண்டு கிழமை, அவ்வளவுதான் ஆக்கினை. எச்சம் விழும் எண்டு கீழ பேப்பர் விரிச்சனான், பெரிசா விழேல்லை, தாயும் தேப்பனும் குஞ்சின்ட எச்சத்தைப் பொட்டலம் மாதிரி வாயில கவ்விக்கொண்டு போய் வெளியில போடுதுகள். என்ட ரெண்டு பெடியளும் தங்கட சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து வைக்க மாட்டாங்கள், அதை என்னெண்டு சொல்லுறது.

கஷ்டம் என்னெண்டா ஃபான் போட ஏலாது. இந்தப் புழுக்கத்துக்க ஒரு மாசம் ஹோல்ல படுக்கேல்லை, வெளி விறாந்தையில பாய். மற்றது இரவில ஜன்னலைப் பூட்டினா விடிய அஞ்சரைக்கு முதல் எழும்பித் திறக்கோணும், ஒருநாள் நித்திரையாப் போனன், ஆண் குருவி வெளியில ஜன்னல் கம்பியில நிண்டு கத்தின கத்தில பக்கத்து வீடே எழும்பீட்டுது. குஞ்சு இறங்கிற அண்டைக்கு வடிவாப் பறக்காது, நிலத்தில தத்தித் தத்தி நிக்கும், அதைக் கூட்டில இருந்து விழுந்திட்டுது எண்டு நினைச்சுத் தூக்கிப் பெட்டிக்குள்ள வச்சுச் சோறு தீத்த வேண்டாம். பூனையைப் பிடிச்சு அறைக்குள்ள பூட்டிட்டு குஞ்சை ஒரு கொப்பில ஏத்தி விட்டாக் காணும், தாய் அங்க வந்து தீத்தும்.

வட்டக்கச்சித் தங்கச்சி, மணலை றோட்டில பறிச்சு லாண்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியில ஏத்திப் பின்பக்கத்தால கொண்டு போக ஏலாதோ?

முகமாலைப் பழசு

இதைப் பாத்தோன எழுதோணும் போல இருந்தது. நான் சண்டை முடிஞ்ச பிறகு சில வருசம் மிதிவெடி எடுக்கிற வேலையில நிண்டனான், முகமாலைப் பக்கம். ஆர்ட நிறுவனம் எண்டெல்லாம் வேண்டாம்.

அந்த வேலை தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், முழங்காலில இருந்து ஒரு மீற்றர் அகலத்துக்குத் துண்டு துண்டாத்தான் முன்னுக்குப் போவம், பாத்து முடிச்ச இடத்துக்கும் பாக்காத இடத்துக்கும் நடுவில அடையாளத் தடி. ஒருநாள் காலம நான் மெசினை வச்சுக்கொண்டு போறன், தடியில இருந்து ரெண்டு முழம் அங்கால, பாக்காத பக்கத்தில, ஆக்காட்டி ஒண்டு கிடக்குது. எழும்பேல்லை. சாதாரணமா எவ்வளவு தூரத்தில கண்டாலும் கத்தி ஊரைக் கூட்டிற சாதி, இது என்ட முகமூடியைப் பாத்தபடி அசையாமல் கிடந்தது. நானும் முழங்காலில, அதுவும் நிலத்தில, ரெண்டு பேற்ற கண்ணும் ஒரே உசரத்தில. அதின்ட கண் சிவப்பு எண்டு அண்டைக்குத்தான் கண்டனான்.

மேற்பார்வைக்கு நிண்ட அண்ணையைக் கூப்பிட்டன். அவர் பாத்திட்டு ஒண்டும் கதைக்கேல்லை, என்னைப் பக்கத்துத் துண்டுக்கு மாத்தி விட்டார், அந்தத் துண்டைக் கடைசியா எடுப்பம் எண்டார். ஒரு மாசம் அந்த ஒரு துண்டு மட்டும் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிண்டது. கெதியா முடியுங்கோ எண்டு மேல இருந்து வந்த கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதினவரோ தெரியாது. பிறகு ஒருநாள் பாக்கக் குழி வெறுமை. துண்டை எடுத்தம். குழியில இருந்து நாலு முழத்துக்குள்ள ஒண்டு கிடந்தது, மிதிவெடி.

அங்க மாடு இல்லை, நாய் இல்லை, சனம் போகேலாது. அதாலதான் அவ்வளவு குருவி நிண்டது. எங்கட அம்மா சொல்லுவா முந்தி இடம்பெயந்து காட்டுக்க இருக்கேக்க இரவில ஆக்காட்டி கத்தினா ஒருத்தரும் மூச்சு விட மாட்டினமாம், ஆரோ நடந்து வாறாங்கள் எண்டு. ஆளைக் காட்டிக் குடுக்கிறதாலதானே அந்தப் பேர்.

தங்கச்சி, எங்களால ஒரு மாசம் ஒரு துண்டை விட ஏலுமெண்டா உங்கட மேசனாலயும் ஏலும்.

வட்டக்கச்சி மருமகள்

எல்லாருக்கும் நன்றி. முகமாலை அண்ணை எழுதினதை இவருக்கு வாசிச்சுக் காட்டினன், மண்வெட்டியைக் கொண்டு போய் கொட்டிலுக்க வச்சிட்டார், ஒண்டும் சொல்லேல்லை.

அக்கா சொன்ன மாதிரித்தான் யோசிச்சிருக்கிறம். மணலைக் கேற்றுக்கு வெளியில பறிப்பம், பிறகு வாய்க்கால் பக்க வேலியில ஒரு கதியாலைப் புடுங்கி வழி எடுத்து லாண்ட்மாஸ்டரில உள்ளுக்குக் கொண்டு போறது. அரைக் கல்லு நாலு வச்சாச்சு. முதல் நாள் கல்லு வைக்கேக்க மாறி மாறிப் பாய்ஞ்சுது, ஒண்டு செட்டையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காயப்பட்ட மாதிரி நடிச்சு வாய்க்கால் பக்கம் இழுத்துக்கொண்டு போச்சு, மகன் உண்மை எண்டு நம்பிப் பின்னால போட்டான். இப்ப எங்களைப் பழகீட்டுது, மாமி முத்தம் கூட்டினாக் கூட எழும்பிறேல்லை. ஆனா கூப்பன் கடைக்காரர் வந்தா மட்டும் விடாது.

மேசனுக்குப் போன் பண்ணி விசயத்தைச் சொன்னன். கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணேல்லை. பிறகு "குருவியோ?" எண்டு கேட்டிட்டு, யோசிச்சுச் சொல்லுறன் எண்டு வச்சிட்டார்.

கச்சான்காரன்

சரி, செய்யிறதெண்டு முடிவெடுத்திட்டியள், அப்ப நானும் ஒண்டு சொல்லிட்டுப் போறன், எல்லாரும் என்னை வில்லன் எண்டு நினைப்பியள். சிறுபோக வெட்டு வரப்போகுது. வெட்டு மெசின்காரர் வயலை வெளியில இருந்து சுத்திச் சுத்தி உள்ளுக்கு வெட்டிக்கொண்டு வருவினம், அது அவைக்குச் சுகம். அப்பிடி வெட்டினா காடை, காட்டுக்கோழி, மயில்குஞ்சு, முயல் எல்லாம் நடுவுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கடைசித் துண்டில மாட்டும். என்ட வயலில ஒரு பக்கத்தில தொடங்கி காட்டுக்கரைப் பக்கமா வெட்டிக்கொண்டு போகச் சொல்லுறனான், ஓடுறதுக்கு வழி இருக்கும். மெசின்காரன் ரெண்டு தரம் கூடத் திருப்போணும் எண்டு புறுபுறுப்பான், ஒரு சோடா வாங்கிக் குடுத்தாச் சரி. மயிலுக்கும் சேத்துத்தான் இந்த வசதி, அது தெரியாமல் அடுத்த நாள் வந்து என்ட கச்சானைத் தின்னுது.

வட்டக்கச்சி மருமகள் (ஒரு மாசத்துக்குப் பிறகு)

பொரிச்சிட்டுது!! வாத்தி ஐயா கணக்குச் சரி, 29ஆம் நாள்.

முதல் நாள் பின்னேரம் மகன் தூரத்தில குந்தி இருந்து "அம்மா முட்டை கதைக்குது" எண்டான், நான் நம்பேல்லை, குருவி எழும்பின நேரம் காதைக் குடுத்தா உண்மையா உள்ளுக்க இருந்து கீச் கீச் எண்டு மெல்லிய சத்தம். விடிய ஆறு மணிக்குப் பாக்க மூண்டு குஞ்சு. உடம்பு முழுக்கக் கிரவல் நிறம், கழுத்துக்குப் பின்னால மட்டும் வெள்ளை, கால் தான் உடம்பை விட நீளம். கோது ஒண்டும் இல்லை, ஒரு துண்டைத் தாய் கவ்விக்கொண்டு வேலிக்கு அங்கால போனதை இவர் கண்டவராம். காகம் ஒண்டு முருங்கையில வந்து இருந்தோன தாய் ஒரு சத்தம் போட்டுது பாருங்கோ, மூண்டும் அந்த இடத்திலயே தட்டையாப் படுத்திட்டுது, எனக்குக் கண்ணுக்கு முன்னால மூண்டு கல்லு. பத்து மணிக்கு முதல் நாங்கள் கதியால் புடுங்கின வழியால மூண்டையும் நடத்திக்கொண்டு வாய்க்கால் பக்கம் போட்டுதுகள். மணல் கொண்டு போக எடுத்த வழி!

நாலாவது முட்டை பொரிக்கேல்லை. மாமி அதைத் தொடக்கூடாது எண்டா, அப்பிடியே விட்டம், இரவைக்கு ஏதோ வந்து எடுத்திட்டுது போல.

இப்பவும் வாய்க்காலுக்கு உடுப்புத் தோய்க்கப் போனா என்னைக் கலைக்குது, ஒரு மாசம் என்ட முத்தத்தில இருந்ததெண்ட நன்றி இல்லை.

கச்சான்காரன்

சந்தோசம் தங்கச்சி. மேசன் வந்திட்டாரோ?

வட்டக்கச்சி மருமகள்

அண்ணை, அவர் பரந்தன் பக்கம் ஒரு மாடி வீட்டு வேலைக்குப் போட்டார். காலபோகம் முடிய வாறாராம்.